400 ஆண்டுகள் நடந்த லண்டன் ஹீத்ராப் கல்லூரி பணமில்லாமல் ஏன் மூடப்பட்டது? சேசு சபையிடம் இல்லாத பணமா?

கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத உட்கார வைத்தது. நான் சாமியாரும் இல்லை, தத்துவம் படித்தவனும் இல்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவன். திருச்சியில் சேசு சபை (ஜெசூயிட் என்ற கத்தோலிக்கத் துறவற சபை) குருக்களிடம் பி.காம் படித்துவிட்டு, பின்னால் வேலைக்காக லண்டன் வந்தேன். அலுவலகம் கென்சிங்டன் பக்கம். சாப்பிட்டுவிட்டு நடக்கிற வழியில் கென்சிங்டன் ஸ்கொயர். அங்கே ஒரு நாள் கல்லூரிப் பலகையைப் பார்த்துவிட்டு, "அட, இது நம்ம ஃபாதருங்க காலேஜாச்சே" என்று விசாரிக்க ஆரம்பித்தவன்தான், இன்றுவரை விடவில்லை.

முதலில் அதன் வயதைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் பல்கலைக்கழகம் தோன்றியது 1836-இல். அதன் உறுப்புக் கல்லூரியான ஹீத்ராப் தன் பிறப்பைக் கணக்கிடுவதோ 1614-இலிருந்து. தாயை விடப் பிள்ளைக்கு 222 வயது அதிகம்! இங்கிலாந்தில் கத்தோலிக்கக் குருவாக இருப்பதே குற்றம் என்றிருந்த காலம் அது. அதனால் ஆங்கிலேய சேசு சபையினர் தங்கள் ஆட்களைக் கடல் தாண்டி, இன்றைய பெல்ஜியத்தில் வைத்துப் படிக்க வைத்தார்கள். லீஜ் நகரில் அந்தக் கல்லூரியைத் தொடக்கத்தில் நடத்தியவர் ஜான் ஜெரார்ட். லண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதைப்பட்டு, 1597-இல் அகழியின் மேலே கயிற்றைக் கட்டித் தொங்கியபடியே தப்பித்த மனிதர். கயிற்றைப் பிடித்து வந்தவர் நடத்திய கல்லூரி, அதனால்தான் இத்தனை நாள் பிடி விடாமல் இருந்ததோ என்னவோ.

1773-இல் போப்பாண்டவரே சேசு சபையைக் கலைத்தார். நம் பக்கத்தில் சேசு சபையினர் நடத்திய பழைய மதுரை மிஷன் என்ற மறைப்பணி முடிந்துபோனதும் அதே உத்தரவால்தான். லீஜிலோ ஊர் ஆயர் ஆதரவு கொடுத்ததால் பள்ளிக்கூடம் பிழைத்தது. 1794-இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை நெருங்கியபோது மூட்டை கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கே திரும்பி, லங்காஷயரின் ஸ்டோனிஹர்ஸ்டில் இறங்கினார்கள். பிறகு இறையியல் மட்டும் வேல்ஸுக்குப் போனது. 1926-இல் இரண்டு கிளையும் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் ஹீத்ராப் என்ற மாளிகையில் ஒன்று சேர்ந்தன. பெயர் வந்தது அந்த வீட்டிலிருந்து. 1970-இல் லண்டன். அங்கே முதல் முதல்வர் ஃப்ரெடரிக் கோப்பிள்ஸ்டன். கடவுள் உண்டா இல்லையா என்று 1948-இல் பிபிசி வானொலியில் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலோடு வாதாடினாரே, அவரேதான்.

ராஜாவையும் போப்பையும் புரட்சியையும் தாண்டி வந்த கல்லூரி, கட்டண விதி மாறியதில் சாய்ந்தது. இனி என் தொழில்.

ஹீத்ராப்பில் கற்பித்தவை முக்கியமாக மெய்யியலும் இறையியலும். மொத்த மாணவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே உட்கார்ந்து கட்டுரையைப் பிரித்து மேய்வதுதான் அந்தக் கல்லூரியின் பெருமை. கணக்குப் புத்தகத்தில் அந்தப் பெருமைக்குச் செலவுப் பத்தியில்தான் இடம். ஒரு பேராசிரியர் 200 பேருக்குப் பேசினாலும் 8 பேருக்குப் பேசினாலும் சம்பளம் ஒன்றுதானே. பல்கலைக்கழகம் என்று பெயர் வந்துவிட்டால் பதிவாளர் வேண்டும், தர ஆய்வு அறிக்கை வேண்டும், விசா விதிகளைப் பார்க்க ஆள் வேண்டும். 20,000 மாணவர் உள்ள இடம் நிரப்புகிற அதே படிவத்தை 600 பேர் உள்ள இடமும் நிரப்ப வேண்டும். அந்தச் செலவைத் தலைக்கு வகுத்துப் பாருங்கள், புரியும்.

2012 வரை இந்த இடைவெளியை அரசு மானியம் ஓரளவு மூடி மறைத்தது. அந்த ஆண்டு இங்கிலாந்தில் கலைப் பாடங்களுக்கான கற்பித்தல் மானியத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, 3,375 பவுண்டாக இருந்த ஆண்டுக் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டுக்குத் தூக்கினார்கள். பணம் இனி மாணவன் பின்னாலேயே வரும் என்று அர்த்தம். கடனில் படிக்கப் போகிற பதினெட்டு வயதுப் பையன் எதற்கு இறையியலைத் தேர்ந்தெடுப்பான்? போதாக்குறைக்கு, எந்தப் பல்கலைக்கழகம் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்ற வரம்பையும் 2015-இல் எடுத்துவிட்டார்கள். பெரிய இடங்கள் வேண்டிய மட்டும் அள்ளிக்கொள்ளலாம். மூலைக்கடைக்கு எதிரே சூப்பர் மார்க்கெட் வந்த கதை.

சரி, சேசு சபை கொடுக்கக் கூடாதா? கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இடமே அவர்களுடையது; பற்றாக்குறைக்கும் கை கொடுத்தார்கள். ஆனால் சபை என்பது ஒரே பெட்டி, ஒரே சாவி அல்ல. ரோமில் இருக்கிற பணம் லண்டன் கல்லூரிக்கு ஓடி வராது. சபையின் நிர்வாகப் பிரிவான பிரிட்டன் மாகாணத்துக்கென்று தனிக் கணக்கு. வயதான குருக்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பள்ளிகள், அகதிகள் பணி எல்லாம் அதற்குள்தான். புதிதாகச் சேர்கிற இளைஞர்களும் குறைவு. வருஷா வருஷம் பள்ளம் விழும் என்று தெரிந்த இடத்தில் மண் கொட்டிக்கொண்டே இருக்க எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். நானும் போட்டிருக்க மாட்டேன். இதை எழுதும்போது கொஞ்சம் உறுத்துகிறது, என்றாலும் உண்மை.

கல்லூரி நின்ற நிலமோ லண்டனிலேயே விலை உச்சத்தில் இருக்கிற பகுதி. "மனைக்காகத்தான் கல்லூரியைப் பலி கொடுத்தார்கள்" என்று பேசியவர்கள் உண்டு. இடம் பின்னால் கட்டுமான முதலீட்டாளர்கள் கைக்குப் போனதும் நிஜம். ஆனால் மனை ஆசைதான் காரணம் என்றால், ட்விக்கனத்தில் உள்ள இன்னொரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான செயிண்ட் மேரிஸுடன் சேர்த்து நடத்தலாமா என்று அத்தனை நாள் பேசியிருக்க மாட்டார்கள். பேச்சு கூடிவரவில்லை.

இதில் நான் மெச்சுவது மூடிய விதத்தை. இப்படியே தொடர முடியாது என்று ஆட்சிக்குழு அறிவித்தது 2015 ஜூனில். கதவு சாத்தியது 2018-இல். உள்ளே இருந்த மாணவர்கள் படித்து முடிக்க நேரம் கிடைத்தது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தது, 1856-இல் தொடங்கியது. மாநில அரசிடம் 3 கோடி டாலர் கடன் கேட்டார்கள், கருவூலத் தலைவர் மறுத்தார். 2024 மார்ச் 26-இல் மூடப்போவதாக அறிவித்து, மே 31-இல் மூடிவிட்டார்கள். இரண்டே மாதம். அவர்களுடைய பேஸ்பால் அணி அப்போது தேசியப் போட்டியின் இறுதிக் கட்டத்தில் இருந்தது. கல்லூரி இல்லாமல் போன பிறகும் பையன்கள் அதே சட்டையோடு ஜூன் 2 வரை ஆடினார்கள். கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு ரன்னில் தோற்றார்கள்.

ஹீத்ராப்பில் மிஞ்சியது நூலகம். பிரிட்டனின் மிகப்பெரிய இறையியல், மெய்யியல் சேகரிப்புகளுள் ஒன்று. அதைச் சபை விற்கவில்லை. மேஃபேரில் மவுண்ட் தெருவில் லண்டன் ஜெசூயிட் மையம் என்று ஒன்றைத் தொடங்கி, அங்கே பொதுமக்களுக்கு வகுப்பு நடத்துகிறார்கள். புத்தகங்களை லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் நூலகம் வழியாகவும் பார்க்கலாம். நேரே போய் நிற்காதீர்கள், எது வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டுப் போங்கள்.