ஒரே கூரையின் கீழ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஏப்ரலில் நானும் மனைவியும் இத்தாலி போகிறோம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் எங்களை நான்கு நாள் பலெர்மோவுக்கு அழைத்துப் போகிறாள். சிசிலி என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் மாஃபியா என்று பயமுறுத்துகிறார்கள். நாங்கள் சைவம். மனைவிக்கு முழங்கால் வலி வேறு. மகள் எத்னா எரிமலை, அக்ரிஜெந்தோ கோயில்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறாள். என் ஆசை வேறு. 12ஆம் நூற்றாண்டிலேயே முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த நகரம் அது என்று படித்தேன். நான்கு எழுத்துகளில் பொறித்த ஒரு கல்லறைக் கல்லின் படத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டேன். அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை? எதைப் பார்த்தால் அந்த நல்லிணக்கத்தை உணரலாம்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

மாஃபியா பற்றி உங்கள் சொந்தக்காரர்கள் சினிமா பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். அந்த ஊர் விமான நிலையத்துக்கே ஃபல்கோனே – போர்செல்லினோ என்றுதான் பெயர். 1992இல் மாஃபியா குண்டு வைத்துக் கொன்ற இரண்டு நீதிபதிகள். ஊருக்கு வரும் நெடுஞ்சாலையில் கபாச்சி அருகே சாலைக்கு இரண்டு பக்கமும் செந்நிறத் தூண்கள் நிற்கும். மே 23ஆம் தேதி ஃபல்கோனேயும் மனைவியும் மூன்று காவலர்களும் இறந்த இடம். மகளிடம் சொல்லி வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். மற்றபடி உங்களைப் போன்றவர்களிடமிருந்து அங்கே போகக்கூடியது பர்ஸ் மட்டும்தான். எத்னா தீவின் மறுகோடியில் இருக்கிறது. அதைப் பட்டியலில் அடித்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பல்லாரோ சந்தைக்குப் போங்கள். கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, களி போலக் கிண்டி, கொத்தமல்லிக்கு உறவான ஒரு தழையைத் தூவி, மெல்லிசாகப் பரப்பி ஆற வைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரிப்பார்கள். பனெல்லே என்று பெயர். எள் தூவிய ரொட்டிக்குள் நாலைந்தை வைத்து, எலுமிச்சை பிழிந்து, காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். சூடு ஆறுவதற்குள் நின்றபடியே சாப்பிட வேண்டும். ஏப்ரலில் கூனைப்பூவும் பச்சை அவரைக் கொட்டையும் குவிந்து கிடக்கும். ஸ்ஃபின்சோனே என்று வெங்காயம் பரப்பிய ரொட்டி ஒன்று விற்பார்கள். வாசனை இழுக்கும், ஆனால் அதில் நெத்திலி மீன் உண்டு.

இவ்வளவும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்காக. சில மாதங்களாகவே இதே கதை வாட்ஸப்பில் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் ஆண்ட சிசிலி, முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினின் கோர்தோபா, நல்லிணக்கம், கீழே கைகூப்பும் படம். ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலை உங்கள் மேல் காட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கூரை. உங்களுக்கு உவமையாகத் தோன்றியது அங்கே நிஜமாகவே இருக்கிறது. இரண்டாம் ரோஜர் என்ற நார்மன் மன்னன் தன் அரண்மனைக்குள் கட்டிய கப்பெல்லா பலத்தீனா என்ற தேவாலயத்தின் மரக்கூரை அது. சுவர் முழுக்கப் பைசாந்தியப் பொன் மொசைக், கிரேக்க எழுத்தும் லத்தீன் எழுத்தும். அண்ணாந்து பார்த்தால் அடுக்கடுக்காகக் குடைந்து தொங்கும் மரக்கூடுகள், கூட்டுக்குக் கூடு ஓவியம். சம்மணமிட்டுக் கோப்பை ஏந்தியவர்கள், குழல் ஊதுபவர்கள், பலகையை நடுவில் வைத்துச் சதுரங்கம் ஆடும் இருவர், ஒட்டகம். விளிம்பில் கூஃபி எழுத்தில் அரபு வாழ்த்துகள். வரைந்தவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்களா உள்ளூர்க்காரர்களா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஒரு பைனாகுலர் கொண்டு போங்கள், வெறும் கண்ணுக்கு ஒட்டகம் தெரியாது. நான் காவலர் வந்து முறைக்கும் வரை அந்தச் சதுரங்கக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே யார் எப்படி நின்றார்கள் என்று கேட்க வேண்டாமா?

இப்னு ஜுபைர் என்று ஒருவர், அந்தலூசியாவை, அதாவது அன்றைய முஸ்லிம் ஸ்பெயினைச் சேர்ந்தவர். மக்காவுக்குப் போய்த் திரும்பும் வழியில் கப்பல் உடைந்து 1184 டிசம்பரில் மெசினாவில் கரையேறினார். ரோஜரின் பேரன் இரண்டாம் வில்லியம் ஆண்ட காலம். அவர் எழுதியபடி, அரசன் அரபி படிக்கவும் எழுதவும் தெரிந்தவன், அரண்மனைப் பணியாளர்களில் பலர் முஸ்லிம்கள், ஆனால் மார்க்கத்தை மறைத்து வாழ்பவர்கள். நிலநடுக்கம் வந்த நாளில் அவர்கள் பயத்தில் வாய்விட்டு அல்லாவை அழைத்துவிட்டார்கள். அரசன் உள்ளே வந்ததும் வெலவெலத்துப் போனார்கள். அவனோ, அவரவர் தெய்வத்தை அவரவர் அழையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனானாம். நல்லிணக்கக் கட்டுரைகள் எல்லாம் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிந்துவிடும்.

அதே இப்னு ஜுபைர் மேலும் எழுதுகிறார். பலெர்மோவில் முஸ்லிம்களுக்குத் தனிப் பகுதிகள் உண்டு, பள்ளிவாசல் உண்டு, காஜி உண்டு, வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்துக்கு மட்டும் அனுமதி இல்லை. அப்புறம் த்ராபானி துறைமுகத்துக்கு வருகிறார். அங்கே உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர், கப்பலேறக் காத்திருக்கும் ஹாஜி ஒருவரிடம் தன் மகனை அனுப்புகிறார். வயதுக்கு வரப்போகும் தன் பெண்ணை அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். தானே மணந்துகொள்ளலாம், தன் ஊரில் நல்லவன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்கலாம், எப்படியாவது அவளை இந்தத் தீவை விட்டுக் கூட்டிப்போனால் போதும். முன்பின் தெரியாத ஒரு பயணியிடம் பெண்ணைக் கொடுத்தனுப்புகிறார் தகப்பன்.

நீங்களும் பெண்ணைப் பெற்றவர். அந்த வீட்டில் முந்தின இரவு என்ன பேசியிருப்பார்கள் என்று யோசியுங்கள். அந்த மனிதரிடம் போய் 'உங்கள் நாட்டு நல்லிணக்கம் அற்புதம்' என்று சொல்ல முடியுமா உங்களால்?

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. நார்மன்கள் 1072இல் பலெர்மோவைப் பிடித்தபோது அவர்கள் கொஞ்சம் பேர். நிலக்கணக்கும் வரிக்கணக்கும் அரபியில் இருந்தன, வயலில் தண்ணீர் பாய்ச்சத் தெரிந்தவர்கள் முஸ்லிம்கள். தேவைப்பட்டார்கள், வைத்துக்கொண்டார்கள். முன்பு முஸ்லிம் ஆட்சியில் கிறிஸ்தவர்களும் யூதர்களும் கட்டிய தலைவரியை இப்போது முஸ்லிம்களும் யூதர்களும் கட்டினார்கள், அவ்வளவுதான். 1161இல் அரண்மனையில் கலகம் வந்தபோது தெருவில் வெட்டுப்பட்டவர்கள் முஸ்லிம்கள். 1189இல் வில்லியம் இறந்ததும் மறுபடி தாக்குதல், மிச்சமிருந்தவர்கள் மேற்கே மலைகளுக்கு ஓடினார்கள். பின்னாளில் ஆண்ட இரண்டாம் ஃபிரெடெரிக், அரபு அறிவியலின் பெரிய ரசிகர், 1220களில் தொடங்கி அவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்துக் கடலுக்கு அப்பால் தெற்கு இத்தாலியின் லுச்செராவில் குடியேற்றினார். 1300இல் ஆன்ஜூ (Anjou) என்ற பிரெஞ்சு வம்சத்து அரசன் அந்த ஊரையும் கலைத்தான். அங்கிருந்த மக்களை அடிமைகளாக விற்றார்கள். நீங்கள் கண் கலங்கிய கல்லில் எபிரேய எழுத்து இருக்கிறதல்லவா? அந்த எழுத்துக்கு உரியவர்களை 1492இல் போட்ட ஸ்பானிய ஆணை தீவை விட்டே துரத்தியது.

அந்தக் கல்லைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. கட்டாயம் பாருங்கள், ஸீசா மாளிகையில் இருக்கிறது. கிரிசாந்தோ என்ற பாதிரியார் 1149இல் தன் தாய் அன்னாவுக்காக வைத்தது. ஒரே செய்தியை ஒவ்வொரு சமூகத்துக்கும் அவரவர் ஆண்டுக்கணக்கிலேயே சொல்கிறது. அம்மா செத்துப்போனதை ஊரில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு மகன் நினைத்திருக்கிறான். எனக்கும் அது பிடிக்கும். அதை அவனுக்கும் அவன் தாய்க்கும் விட்டுவிடுங்கள். நம் ஊர்ப் பிரச்சினைக்குச் சான்றிதழாக எடுத்துக்கொண்டு வராதீர்கள். 'நம்மால் ஏன் முடியவில்லை' என்பது கேள்வியே இல்லை, பெருமூச்சு. கோவையில் உங்கள் அடுக்ககத்தில் யாருக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு நார்மன் அரசனிடம் போக வேண்டியதில்லை.

சரி, கோபம் போதும். இன்றைய பலெர்மோவில் ஒன்றைப் பாருங்கள். ஊருக்கு வடக்கே கடலோரம் மோந்தே பெல்லெக்ரீனோ என்ற மலை. மேலே குகைக்குள், ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் கோயில். 1624இல் கொள்ளைநோய் பரவியபோது அவள் எலும்புகள் அந்தக் குகையில் கிடைத்தன, ஊர்வலமாகக் கொண்டுபோனதும் நோய் விலகியது என்பது நம்பிக்கை. பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தகடு வளைத்துப் பிடிக்கிறார்கள். கண்ணாடிப் பேழைக்குள் பொன்னுடை போர்த்திய சிலையாகப் படுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனால் அங்கே தமிழ் கேட்கும். போர்க்காலத்தில் வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள், சைவரும் கத்தோலிக்கரும், அவளிடம் மலையேறி வருகிறார்கள்.

நான் போனபோது பக்கத்தில் நின்ற ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். நீங்கள் வேதக்காரரா என்று கேட்டேன். "இல்லைத் தம்பி, நாங்கள் சைவம். வந்த புதுசில ஆரையும் தெரியாது, பாஷையும் தெரியாது. அம்மாட்டத்தான் வந்து அழுதனாங்கள்" என்றார். இன்றைக்கு என்ன வேண்டுதல் என்றேன். "பெர்மெசோ புதுப்பிக்கக் குடுத்திருக்கு, இன்னும் வரேல்ல." குடியிருப்பு அனுமதிக் காகிதத்தைச் சொல்கிறார். யார் வீட்டிலோ பாத்திரம் கழுவி, அந்த வீட்டுக் கிழவியைக் குளிப்பாட்டி, ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து நிற்கிறார். படியிறங்கும்போது இத்தாலியக் கிழவர் ஒருவர் அவருக்குக் கை கொடுத்தார். அந்த அம்மா அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை, கீழே வரும் வரை பஸ் நேரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் சரியான மாதம்தான். நாரத்தை இனத்து மரங்கள் பூத்துத் தெருவெல்லாம் மணக்கும். மலைக்குக் கற்பாவிய பழைய பாதை ஒன்று உண்டு. நல்ல ஏற்றம், ஆரோக்கியமானவர்களுக்கே மூச்சு வாங்கும். பஸ் மேலேயே போகிறது. பக்தியாக நடந்துதான் ஏறுவேன் என்று நீங்கள் கிளம்பி, முழங்கால் வலிக்கிற அம்மாவைக் கீழே காத்திருக்க வைத்துவிடாதீர்கள். மூன்று பேரும் பஸ்ஸிலேயே போங்கள்.