பைபிளில் வரும் அடைக்கலப்பட்டணங்கள் எதற்காக? கொலை செய்தவன் அங்கே ஓடிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாமா?

வேண்டுமென்றே கொன்றவன் தப்பிக்க முடியாது. விசாரணை முடியும் வரை உயிரோடு இருக்கலாம், அவ்வளவுதான். பிரசங்கங்களில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

அன்று இஸ்ரவேலில் போலீஸ் கிடையாது. ஒருவன் கொல்லப்பட்டால் அவனுடைய நெருங்கிய உறவினனே ‘பழிவாங்குகிறவன்’. அவனுடைய ஆத்திரம் விசாரணையை முந்திக்கொள்ளக்கூடாது என்பதற்காகத்தான் 6 ஊர்கள். யோர்தானுக்கு மேற்கே கேதேஸ், சீகேம், எபிரோன். கிழக்கே பேசேர், கீலேயாத்திலுள்ள ராமோத், கோலான். வடக்கு, நடு, தெற்கு என்று இரு கரையிலும் பரவலாக வைத்திருக்கிறார்கள். தூரம் அதிகமாக இருந்தால், துரத்துகிறவன் வழியிலேயே பிடித்துவிடுவான் என்று உபாகமம் 19 காரணத்தையே சொல்லிவிடுகிறது. ஆறுமே ஆலய ஊழியம் செய்த கோத்திரமான லேவியருக்குக் கொடுக்கப்பட்ட 48 பட்டணங்களில் அடங்கியவை. இஸ்ரவேலனுக்கு மட்டுமல்ல, அவர்கள் நடுவே குடியிருக்கும் அந்நியனுக்கும் இதே உரிமை உண்டு (எண்ணாகமம் 35:15).

நடைமுறை யோசுவா 20-இல் இருக்கிறது. ஓடிவந்தவன் பட்டணத்து வாசலில் நின்று, மூப்பர்கள் காதுகேட்க நடந்ததைச் சொல்ல வேண்டும். அவர்கள் அவனை உள்ளே சேர்த்து இடம் கொடுப்பார்கள். துரத்தி வந்தவன் கேட்டாலும் ஒப்புக்கொடுக்கக்கூடாது. பிறகு அவன் ஜனங்களின் சபைக்கு முன்பாக நியாயவிசாரணைக்கு நிற்க வேண்டும்.

விசாரணையில் இரண்டு விஷயம் பார்ப்பார்கள். ஒன்று கருவி: இரும்பு ஆயுதம், சாகத்தக்க கல், கைத்தடி. இன்னொன்று முன்பகை: பதுங்கியிருந்தானா, நேற்றுவரை இருவருக்கும் சண்டை இருந்ததா? உபாகமம் தரும் உதாரணம், மரம் வெட்டும்போது கோடரி காம்பைவிட்டுக் கழன்று பக்கத்தில் நின்றவன்மேல் பட்டது. அது கைப்பிசகு. ஒரே சாட்சியை வைத்து மரண தண்டனை கொடுக்கக்கூடாது. வேண்டுமென்றே கொன்றவன் என்று தெரிந்தால், அவனுடைய ஊர் மூப்பர்களே ஆள் அனுப்பி, அங்கிருந்து கொண்டுவந்து பழிவாங்குகிறவன் கையில் ஒப்புக்கொடுப்பார்கள்.

கைப்பிசகு என்று தீர்ந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. பிரதான ஆசாரியன் மரிக்கும்வரை அந்தப் பட்டணத்திலேயே இருக்க வேண்டும். அது 1 வருஷமோ 30 வருஷமோ, யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. எல்லையைத் தாண்டினால் பழிவாங்குகிறவன் கொல்லலாம், அவன்மேல் இரத்தப்பழி இல்லை. பணம் கட்டிச் சீக்கிரம் திரும்பவும் வழியில்லை. மீட்கும்பொருள் வாங்கவே கூடாது (எண்ணாகமம் 35:32). பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே கணக்கு என்பது எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம்.

ஏன் ஆசாரியனின் மரணம்? வேதம் காரணம் சொல்லவில்லை. ஆனால் சிந்தின இரத்தம் தேசத்தைத் தீட்டுப்படுத்தும் என்று அதே அதிகாரம் சொல்வதால், அந்த மரணமே தீட்டுக்கு நிவாரணமாக எண்ணப்பட்டது என்று பலர் விளக்குகிறார்கள். பிற்கால யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு சுவாரசியமான குறிப்பு: பட்டணத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் பிரதான ஆசாரியன் சாக வேண்டும் என்று ஜெபம் பண்ணாமல் இருக்க, பிரதான ஆசாரியர்களின் தாய்மார் அவர்களுக்குச் சாப்பாடும் துணியும் கொடுப்பார்களாம்!

‘அடைக்கலப்பட்டணம் இயேசுவுக்கு நிழல் (முன்னடையாளம்)’ என்ற விளக்கத்துக்கு எபிரெயர் 6:18-ஐக் காட்டுவார்கள். ஓடிவந்து அடைக்கலம் புகுவது என்ற அளவில் பொருந்தும். ஆனால் பட்டணம் காப்பாற்றியது கைப்பிசகாய்க் கொன்றவனை மட்டும். சுவிசேஷமோ குற்றவாளியையே அழைக்கிறது. அந்த இடத்தில் ஒப்புமை நின்றுவிடும், இழுத்து நீட்டக்கூடாது.

அடைக்கலம் தேடிப் பலிபீடத்தின் கொம்புகளை, அதாவது அதன் மூலைகளில் நீட்டியிருக்கும் முனைகளை, பிடிப்பதையும் இதையும் குழப்ப வேண்டாம். துணிந்து கொன்றவனைப் பலிபீடத்திலிருந்தும் பிடித்துக்கொண்டுபோகலாம் என்று யாத்திராகமம் 21:14 சொல்கிறது. தாவீதின் படைத்தலைவன் யோவாப் கொம்புகளைப் பிடித்தும் தப்பவில்லை. அப்னேர், அமாசா என்ற இரு படைத்தலைவர்களைக் கொன்ற பழி அவன்மேல் இருந்தது. இதில் அப்னேரை, தன் தம்பி ஆசகேலின் இரத்தத்துக்குப் பழியாக, இரகசியம் பேசுவதுபோல வாசலில் ஒதுக்குப்புறமாக அழைத்துப்போய்க் குத்தினான். அது அடைக்கலப்பட்டணங்களில் ஒன்றான எபிரோனின் வாசல்.