நம்ம ஊர் கிளினிக்கை யார் கணக்கெடுக்குறா?

கேள்வி: போன மாசம் மாசமா இருக்குற என் பொண்ணை ஸ்கேனுக்கு கூட்டிட்டுப் போனேன். ஏற்கெனவே எத்தனை புள்ளைங்க, ஆணா பொண்ணான்னு வரைக்கும் கேட்டு கையெழுத்து வாங்குனாங்க. நம்மளைப் பத்தி இவ்ளோ கேக்குறவங்களைப் பத்தி கவர்மென்ட்டு எதுவும் கேக்காதா?
- வாசகி, பாபநாசம்

பதில்: அம்மா, உங்க பொண்ணு கையெழுத்து போட்ட அந்த ஃபாரமே ஸ்கேன் சென்டரைப் பத்தின கணக்குதான். ஃபாரம் எஃப்-னு பேரு, சிசுவோட பாலினம் சொல்றதைத் தடுக்குற 1994 சட்டத்துல வர்றது. எந்த டாக்டர் அனுப்புனாரு, எதுக்காக ஸ்கேன், எடுத்தது யாருன்னு எல்லாம் அதுல இருக்கணும், அடுத்த மாசம் 5-ம் தேதிக்குள்ள ரிப்போர்ட் அதிகாரிக்குப் போயிடணும், பேப்பரை 2 வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும். ரெண்டு பொண்ணு இருக்குற வீட்டுலேர்ந்து வந்தவங்களுக்கு காரணமே எழுதாம ஸ்கேன் எடுத்திருந்தா ஆய்வுக்கு வர்றவங்க கண்ணு முதல்ல அங்கதான் போகும், அதனால அந்தக் கேள்விக்கு தயங்காம பதில் சொல்லுங்க.

இது ஒரு பக்கம். கிளினிக் நடத்தவே தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 1997-படி மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ்ல பதிவு பண்ணணும். காசநோய் கண்டுபிடிச்சா தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவிச்சே ஆகணும், 2012-லேர்ந்து இது கட்டாயம். ஊசி, பஞ்சு மாதிரி மருத்துவக் கழிவு எவ்ளோன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு வருஷா வருஷம் கணக்கு கொடுக்கணும். பிரசவம் தனியார்ல நடந்தாலும் நம்ம ஊர் நர்ஸம்மா கர்ப்பத்தைப் பதிஞ்சு கொடுத்த ஆர்.சி.எச் (தாய்-சேய் நலப் பதிவு) நம்பரைக் கேக்குறாங்கல்ல, அதுவும் இந்தக் கணக்குல சேர்ந்ததுதான்.

எனக்கு இதுல பெரிய ஆதங்கம் ஒண்ணு இருக்கு. இவ்ளோ வாங்குறாங்க, ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆபீஸ்ல கிடக்கு, கும்பகோணத்துல எந்த ஆஸ்பத்திரியில எத்தனை சிசேரியன்னு பிரசவத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு சுலபமா பார்த்துக்குற மாதிரி ஒரு இடத்துல போட்டு வெக்கணும்ல, நம்மகிட்டேர்ந்து வாங்குன கணக்கு நம்மகிட்ட திரும்பி வரணும்ல.

இப்போதைக்கு நீங்க செய்யக்கூடியது: உள்ள போனதும் சுவத்துல பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கான்னு பாருங்க. டாக்டர் பேரையோ பதிவு எண்ணையோ மெடிக்கல் கவுன்சில் வெப்சைட்ல போட்டா உண்மையான டாக்டரான்னு தெரிஞ்சிடும், வீட்டுல படிக்கிற புள்ளைங்க பார்த்துச் சொல்லிடுவாங்க. சந்தேகமா இருந்தா இணை இயக்குநர் ஆபீஸுக்கு எழுதிப் போடுங்க, பதிவு இருக்கா இல்லையான்னு தகவல் உரிமைச் சட்டத்துலயும் கேக்கலாம்.