கொக்குவிலில் துருவ நட்சத்திரம் ஏன் அகப்படவில்லை

தம்பி, நூலகப் புத்தகத்தின் படத்தைப் பார்த்து முற்றத்தில் ஒரு மாதம் தேடியும் துருவ நட்சத்திரம் அகப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிழை உங்களில் இல்லை. அந்தப் படம் ஐரோப்பாவுக்கு வரைந்ததாக இருக்கும். அங்கே பெரும்பாலான இடங்களில் அது வானத்தின் பாதிக்கு மேலே நிற்கும். துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏறக்குறைய நாம் நிற்கும் இடத்தின் அகலாங்குதான், அதாவது பூமத்திய ரேகையிலிருந்து எத்தனை பாகை வடக்கே நிற்கிறோம் என்பதுதான். உங்கள் கொக்குவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்கு 9.7 பாகை. கையை நீட்டி முட்டியைப் பொத்தினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை, அவ்வளவுதான் உயரம். 100 மீற்றர் தள்ளி நிற்கும் 20 மீற்றர்ப் பனையே அதை மறைத்துவிடும்.

வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரைக்குப் போங்கள், வடக்கே வெறும் கடல். மே நடுப்பகுதியில் இரவு 8 மணிக்குச் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரங்கள் வடக்கே கவிழ்ந்த அகப்பைபோல நிற்கும். அகப்பையின் பிடிக்கு எதிர்ப்பக்க விளிம்பில் உள்ள நட்சத்திரங்கள் இரண்டையும் மேலிருந்து கீழாக இணைத்து, அந்த இடைவெளியைப்போல 5 மடங்கு கீழே இறங்குங்கள். அங்கே தனியாக, மங்கலாக நிற்பதுதான் அது. பெரிய பிரகாசத்தை எதிர்பார்த்தால் தவறவிடுவீர்கள்.

போனில் படம் பார்க்காதீர்கள், கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது வேண்டும். ரோச் லைற்றுக்குச் சிவப்புத் தாள் கட்டுங்கள்.

9 மணிக்குத் தெற்கே திரும்பினால், இரண்டு முட்டி உயரத்தில் தென்சிலுவை, சிலுவை வடிவில் நிற்கும் நட்சத்திரக் கூட்டம். ஐரோப்பாவில் இது தெரியவே தெரியாது.