திங்கட்கிழமை மதியம் வரை பொறுங்கள்

கேள்வி: என் மகன் ஒஹாயோவில் ஒரு சிறிய கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அங்குள்ள ஆண்கள் கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். இந்த வருடம் 21 வெற்றி, 6 தோல்வி. ஆனால் கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டியில் தோற்றுவிட்டார்கள். இனி தேசியப் போட்டிக்குப் போவார்களா என்று கேட்டால், மற்ற பெற்றோரும் பழைய மாணவர்களும் ‘பபுளில் இருக்கிறோம்’, ‘பூல் சி-யில் வந்துவிடும்’, ‘ஹோஸ்ட் கிடைக்காது’ என்றெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. என் அப்பா திருச்சியிலிருந்து வந்திருக்கிறார். கல்லூரி நாட்களில் கூடைப்பந்து ஆடியவர். பேரன் ஆடுவதை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். எங்கே, எப்போது போக வேண்டும்? ஹோட்டலை இப்போதே போட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மடல் கிடைத்த அன்றே இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டேன். பிப்ரவரி முடியும்போது இதே கேள்வி பல வீடுகளிலிருந்தும் வருகிறது. அதனால் விரிவாக எழுதுகிறேன்.

ஹோட்டல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அட்டவணை, அதாவது எல்லோரும் சொல்லும் பிராக்கெட், வழக்கமாகத் திங்கட்கிழமை மதியம் வெளியாகும். முதல் ஆட்டம் அதே வாரம் வெள்ளிக்கிழமை. நடுவில் நான்கே நாள்தான் என்பதால் பதற்றத்தில் முன்கூட்டியே அறை போடுபவர்கள் பலர். நானும் போட்டிருக்கிறேன். அணி மேற்கே இண்டியானா பக்கம்தான் போகும் என்று நாலு பேர் உறுதியாகச் சொன்னதை நம்பி, பணம் திரும்பாத அறை ஒன்றைப் பிடித்தேன். திங்கட்கிழமை பார்த்தால் அணி பென்சில்வேனியாவுக்குப் போகிறது. அந்த வாரம் இரண்டு அறைக்குப் பணம் கட்டினேன். ரத்து செய்ய முடிகிற அறை கிடைத்தால் போட்டு வையுங்கள். இல்லையென்றால் திங்கள் மதியம் வரை பொறுங்கள்.

இப்போது அந்தச் சொற்களுக்கு வருவோம். உங்கள் மகன் ஆடுவது, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மூன்றாம் டிவிஷன். விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது இங்கே விதி. நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் இந்தப் பிரிவில் கூடைப்பந்து ஆடுகின்றன. அவற்றில் 64 அணிகளுக்குத்தான் தேசியப் போட்டியில் இடம். அதிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கே போய்விடும். அதுதான் பூல் ஏ. கான்ஃபரன்ஸ் என்பது பருவம் முழுக்கத் தங்களுக்குள் ஆடும் சில கல்லூரிகளின் குழு. பெரும்பாலான கான்ஃபரன்ஸ்களில் கடைசியில் ஒரு தனிப் போட்டி வைத்துச் சாம்பியனை முடிவு செய்வார்கள். நியூயார்க் பல்கலைக்கழகம், எமரி போன்றவை இருக்கும் யூஏஏ என்ற கான்ஃபரன்ஸில் மட்டும் அப்படித் தனிப் போட்டி கிடையாது. பருவம் முழுக்க ஆடிய ஆட்டங்களில் முதலில் நிற்பவர் உள்ளே போவார்.

மிச்சமிருக்கும் இடங்கள்தான் பூல் சி. உங்கள் மகனின் அணி நிற்கும் வரிசை அது. முன்பெல்லாம் ஒரு குழு உட்கார்ந்து, பேசி, ஓட்டுப் போட்டு இந்த இடங்களை நிரப்பியது. 2024-25 பருவத்திலிருந்து, அணிகளை வரிசைப்படுத்தும் என்பிஐ என்ற கணக்கு வந்துவிட்டது. சாம்பியன்களை எடுத்த பிறகு, அந்தப் பட்டியலில் மேலே இருப்பவர் யாரோ அவரே வரிசையாக உள்ளே போகிறார். யாருடைய தயவும் வேண்டாம். எனக்கு இது பிடித்த மாற்றம். இவ்வளவு நன்றாக ஆடியும் ஏன் விட்டுவிட்டார்கள் என்று பிள்ளைகள் பதில் தெரியாமல் நின்ற வருடங்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது பட்டியல் எல்லோர் கண் முன்னாலும் இருக்கிறது.

21-6 போதுமா என்றால், அந்த 21 வெற்றியும் யாரை எதிர்த்து வந்தவை என்பதைப் பார்க்க வேண்டும். என்பிஐ ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சராசரி எடுக்கிறது. வலுவான அணியை வென்றால் கூடுதல், வெளியூரில் போய் வென்றால் இன்னும் கூடுதல். மிகவும் பலவீனமான அணியை வென்றதால் சராசரி கீழே இறங்கும் என்றால், குறைந்தபட்ச வெற்றி எண்ணிக்கை தாண்டியபின் அந்த வெற்றியைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடும். அதனால்தான் விஸ்கான்சின் மாநிலக் கல்லூரிகளின் கான்ஃபரன்ஸில் எட்டு ஆட்டம் தோற்ற அணி உங்களுக்கு மேலே இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அங்கே வாராவாரம் எதிரில் வருவதே ஒரு பழைய சாம்பியனாகத்தான் இருக்கும். பிளாட்வில், ஒயிட்வாட்டர், ஸ்டீவன்ஸ் பாயிண்ட், ஆஷ்காஷ் எல்லாமே தேசியப் பட்டம் வென்றவை. பிளாட்வில் மட்டும் 1991 முதல் 1999 வரை நான்கு முறை, போ ரயன் பயிற்சியில்.

இந்த வரிசையில் உள்ளே போகும் கடைசி ஓரிரு இடங்களுக்கும், வெளியே நிற்கும் முதல் ஓரிரு இடங்களுக்கும் நடுவில் இருப்பதுதான் பபுள். அங்கே இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் மிக நீளமான நாள். இன்னொரு கான்ஃபரன்ஸ் இறுதியில், என்பிஐ-யில் மேலே இருக்கும் அணி எதிர்பாராமல் தோற்றால், தோற்கடித்த சிறிய அணி சாம்பியனாக உள்ளே வரும். தோற்ற பெரிய அணி பூல் சி-யில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்த இடம் உங்கள் இடமாக இருக்கலாம். ஆகவே அன்று ஒரு நாள் மட்டும், முன்பின் தெரியாத ஊர்களின் பலசாலி அணிகளுக்காகக் கை தட்டுங்கள். அனுபவமுள்ள ரசிகர்கள் காலை முதல் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். மடிக்கணினியில் ஒரு ஆட்டம், போனில் ஒன்று, கையில் பட்டியல். சிறு கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரி இணையதளத்திலேயே ஓடும். தாத்தாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு நன்றாகப் பொழுது போகும்.

சரி, பெயர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எங்கே போவார்கள்? புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இதுதான். பெரிய கல்லூரிகளின் மார்ச் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்கள், தரவரிசைப்படி யார் யாரோடு மோதுவது என்று முடிவாகும் என நினைப்பார்கள். இங்கே தரவரிசைக்குச் சமமாகத் தேசப்படமும் பேசும். இத்தனை அணிகளை விமானத்தில் ஏற்றப் பணம் கிடையாது. நீண்ட காலமாக 500 மைல் என்ற கோடு ஒன்று உண்டு. அதற்குள் என்றால் பஸ், தாண்டினால்தான் விமானம். 500 மைல் என்பது சென்னையிலிருந்து கன்னியாகுமரி போவதைவிட அதிகம். அதை இருபது வயதுப் பையன்கள் காலை மடக்கிக்கொண்டு பஸ்ஸில் போய், இறங்கி, மறுநாள் ஆடுகிறார்கள். இந்தக் கோட்டினால் பக்கத்துப் பக்கத்து ஊர்களின் வலுவான அணிகள் முதல் வாரத்திலேயே மோதிக்கொள்ள நேரும். டெக்சாஸிலும் மேற்குக் கரையிலும் இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கஷ்டம். சுற்றுவட்டாரத்தில் வேறு அணிகள் இல்லாததால் பலமுறை அவர்களுக்குள்ளேயே கோத்துவிடுவார்கள்.

ஒஹாயோவில் இருப்பது உங்களுக்கு வசதி. சுற்றிலும் இண்டியானா, மிச்சிகன், பென்சில்வேனியா, இல்லினாய் என்று அணிகள் நெருக்கமாக இருக்கின்றன. பெரும்பாலும் காரில் ஒரே நாளில் போய்ச் சேர்கிற ஊராகத்தான் அமையும்.

முதல் வாரம் நான்கு அணிகள் ஒரே கல்லூரியில் கூடும். வெள்ளி இரண்டு ஆட்டம், வென்ற இருவரும் சனிக்கிழமை மோதுவார்கள். அந்த நான்கில் ஒன்று பொதுவாக ஊர்க்கார அணி. அதுதான் ஹோஸ்ட். கான்ஃபரன்ஸ் இறுதியில் தோற்ற 21-6 அணிக்கு ஹோஸ்ட் வாய்ப்புக் குறைவு என்று உங்கள் நண்பர்கள் சொன்னது சரிதான். இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. ஒரே கல்லூரியின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே ஹோஸ்ட் தகுதி பெற்றால், முதல் வார முன்னுரிமை யாருக்கு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். தரவரிசையில் உச்சத்தில் இருந்தும் வெளியூர் போகும் ஆண்கள் அணியைப் பார்த்தால், காரணம் பக்கத்து லாக்கர் அறையில் இருக்கலாம்.

ஆட்ட நேரம் திங்கட்கிழமையே தெரிந்துவிடும் என்று இருக்காதீர்கள். வெள்ளிக்கிழமை இரண்டாவதாக நடக்கும் இரவு ஆட்டம் வழக்கமாக ஊர்க்கார அணிக்கு. மற்றவை மாறும். நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகம் யூதர்களின் கல்லூரி. வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இருட்டும் வரை அவர்களுக்கு ஓய்வுநாள், ஆட மாட்டார்கள். அவர்கள் இருக்கும் பிரிவில் வெள்ளி ஆட்டம் மதியமே நடக்கும், சனி ஆட்டம் இருட்டிய பிறகு. அதே யெஷிவா 2020 மார்ச்சில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போனபோது, கோவிட் அச்சத்தால் பார்வையாளர் ஒருவர்கூட அனுமதிக்கப்படவில்லை. ஷூ உரசும் சத்தம் மட்டும் கேட்கும் காலி அரங்கில் ஆடி இரண்டு ஆட்டமும் வென்றார்கள். அந்த வருடம் 16 அணிகள் மிச்சமிருந்தபோது போட்டியையே நிறுத்திவிட்டார்கள். 2021-இலும் நடக்கவில்லை.

டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி இலவசமாக நுழைகிற பழக்கம் இந்தப் போட்டியில் செல்லாது. எல்லோரும் வாங்க வேண்டும். வெளியூர் அணிகளுக்கென்று கொஞ்சம் டிக்கெட் ஒதுக்குவார்கள். அது மகனின் கல்லூரி விளையாட்டு அலுவலகம் வழியாக வரும், சீக்கிரம் தீரும். செவ்வாய் காலையே கேளுங்கள். ஊதல், மணி மாதிரி சத்தக் கருவிகளுக்கு அனுமதி கிடையாது. கையும் தொண்டையும் போதும்.

அரங்கம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். சுவரிலிருந்து இழுத்து விரிக்கும் மரப்படிகள், ஒரு மூலையில் மேசை போட்டு டிக்கெட் கிழிக்கும் மாணவிகள், பாப்கார்ன் வாசனை. சுவரில் இருக்கும் உள்ளூர்க் கடை விளம்பரங்களை என்சிஏஏ விதிப்படி துணி போட்டு மறைத்திருப்பார்கள். வெள்ளி முதல் ஆட்டம் வென்ற அணி குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, மடியில் பீட்சா டப்பாவை வைத்துக்கொண்டு இரண்டாவது ஆட்டத்தைப் பார்க்கும். அவர்களுக்கு இரண்டு வரிசை மேலே துணைப் பயிற்சியாளர் மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டே இருப்பார். நாளைய எதிரி யாரென்று இன்னும் இரண்டு மணி நேரத்தில் தெரியும், விடிவதற்குள் அவர்களுக்கு எதிரான திட்டம் தயாராக வேண்டும். தாத்தாவுக்கு அதைக் காட்டுங்கள். ஆடியவருக்கு அதன் அருமை தெரியும்.

ஆட்டத் தரத்தைப் பற்றியும் அவருக்குச் சந்தேகம் வேண்டாம். 2014 இறுதியில் வில்லியம்ஸ் கல்லூரியை ஒயிட்வாட்டர் 75-73 என்று கடைசி நொடியில் வென்றது. அன்று தோற்ற பக்கத்தில் முதலாண்டு மாணவராக ஆடிய டங்கன் ராபின்சன் பிறகு மிச்சிகன் போய், என்பிஏ-வில் மயாமி அணிக்காக ஆடினார். 2017-இல் பாப்சன் ஒரே புள்ளியில், 79-78, பட்டம் வென்றது.

அணி முதல் வாரம் தாண்டினால் அடுத்த வெள்ளி, சனி இன்னொரு கல்லூரியில் பதினாறு, எட்டு என்று குறையும். நாலில் ஒன்றாக வந்தால் பொதுவான இடம். 2018 வரை வர்ஜீனியாவின் சேலம் ஊர், 2019 முதல் இண்டியானாவின் ஃபோர்ட் வெய்ன். சில சமயம் இறுதியாட்டத்தை மட்டும் பெரிய கல்லூரிகளின் கடைசி வாரத்தோடு சேர்த்துவிடுவார்கள், 2013-இல் அட்லாண்டாவில் வைத்த மாதிரி. அந்தந்த வருடம் பார்த்துக்கொள்ளுங்கள். 2024-இல் டிரைன் பல்கலைக்கழகம் ஃபோர்ட் வெய்னில் பட்டம் வென்றது. அதே இண்டியானாவில் இருக்கும் அவர்கள் ஊரான ஏங்கோலாவிலிருந்து அந்த அரங்கம் காரில் ஒரு மணி நேரத்துக்குள். வர்ஜீனியாவிலிருந்து வந்த ஹாம்ப்டன்-சிட்னி 69-61 என்று தோற்றது. ஆக, கடைசி வாரத்தில்கூட யாருடைய வீடு பக்கத்தில் என்பது ஒரு விஷயம்.

ஆனால் என்னைக் கேட்டால், ஃபோர்ட் வெய்னுக்காகக் காத்திருக்காதீர்கள். தாத்தாவை முதல் வெள்ளிக்கே கூட்டிக்கொண்டு போங்கள். பேரன் நாலு நிமிடம்தான் ஆடினாலும் அவர் பார்க்க வேண்டியது அங்கே இருக்கிறது. ஒருவேளை தோற்றாலும் மணி அடிக்கும் முன் கிளம்பிவிடாதீர்கள். கடைசி நிமிடத்தில் பயிற்சியாளர் நான்காம் ஆண்டு மாணவர்களை ஒவ்வொருவராக வெளியே அழைப்பார். அவர்களில் அநேகருக்கு இனி போட்டிக் கூடைப்பந்து கிடையாது. அடுத்த மாதம் வேலை தேட வேண்டும். பையன் பக்கக்கோட்டைத் தாண்டி வரும்போது எதிர் அணிக்காரர்களின் பெற்றோரும் எழுந்து நிற்பார்கள். உங்கள் மகனுக்கு அடுத்த வருடம் அது நடக்கும்.

ஒரே ஒரு சங்கடம், அந்த மரப்படிகளில் முதுகு சாய இடம் இருக்காது. இரண்டு ஆட்டமும் பார்த்தால் நாலு மணி நேரம் ஆகும். சாயும் நாற்காலி உள்ள வரிசையோ, படி ஏறாமல் உட்காரும் இடமோ உண்டா என்று ஹோஸ்ட் கல்லூரிக்குச் செவ்வாய்க்கிழமையே போன் செய்து கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு இடம் வைத்திருப்பார்கள். இல்லையென்றால் ஒரு நல்ல திண்டை எடுத்துப்போய், அணி உட்காரும் பெஞ்சுக்கு நேர் எதிரே, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பேரன் ஆடாத நேரத்திலும் அவன் முகம் தெரியும்.