எதிர்காலத்தில் மக்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிப்பார்கள்?

தமிழ்நாட்டை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும், எனக்குத் தெரிந்தது அதுதான். இன்னும் கொஞ்ச வருடங்களில் இங்கே கையில் நிறைய நேரத்தோடு இருக்கப்போகிறவர்கள் இளைஞர்கள் இல்லை, அறுபதைத் தாண்டியவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அந்த வயதில் இருந்தார்கள். 2031-இல் அது பதினெட்டைத் தொடும் என்பது மத்திய அரசின் கணிப்பு. அதனால் வி.ஆர். கண்ணாடி, ஏஐ கேம் என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது சாயந்திரம் பிள்ளையார் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைத்தான்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓய்வு கூடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. 1930-இல் பொருளாதார அறிஞர் கெயின்ஸ், நூறு வருடத்தில் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை பார்த்தால் போதும் என்ற நிலை வந்துவிடும் என்று எழுதினார். அந்த நூறு வருடம் 2030-இல் முடிகிறது. இங்கே 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். இயந்திரம் எவ்வளவு நேரத்தை மிச்சம் பிடித்தாலும் அது தானாகத் தொழிலாளி கைக்கு வந்துவிடுவதில்லை. சரி, அதை விடுங்கள்.

எங்கள் அப்பா ரிட்டயர் ஆன புதிதில் பேப்பர், வாக்கிங், பேங்க் வேலை என்று பொழுது போனது. அப்புறம் முழுக்க செல்போன்தான். காலையில் பக்திப் பாட்டில் ஆரம்பிப்பார், அது பாட்டுக்கு அடுத்தது அடுத்தது என்று ஓடி, மதியத்துக்குள் மூட்டு வலிக்கு வெந்தயம், தங்கம் விலை, பழைய கிரிக்கெட் மேட்ச், தொண்டை கிழியக் கத்தும் அரசியல் என்று எங்கேயோ போய் நிற்கும். அவர் எதையும் தேடுவதே இல்லை. 2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிவானபோதும் சரி, 2020-இல் டிக்டாக்கைத் தடை செய்த கையோடு ரீல்ஸும் ஷார்ட்ஸும் வந்தபோதும் சரி, இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம் என்றுதான் ஊரே பேசியது. எங்கள் வீட்டில் அதிகம் பார்ப்பவர் அப்பாதான்.

இனி வரப்போவது இதைவிடப் பெரியது. அவருக்கென்றே, அவர் ஊர்ப் பேச்சிலேயே, அவருக்குப் பிடித்த விஷயத்தை ஏஐ தயாரித்துக் கொடுக்கும். பேச்சுத் துணைக்கும் செயலிகள் வந்துவிட்டன, பல முதியவர்கள் அவற்றோடு மணிக்கணக்கில் பேசப்போகிறார்கள். அதை நான் கேவலமாக நினைக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கும் மனிதருக்கு வேறு யார் பேச்சுக் கொடுக்கப் போகிறார்கள், பிள்ளை பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கிறான். ஆனால் சாயந்திரம் ஐந்து மணிக்கும் அதுதான் துணை என்று ஆகிவிட்டால்? எனக்கு உண்மையில் பயமாக இருப்பது அங்கேதான்.

அம்மா கதை வேறு. அம்மாவுக்கு ரிட்டயர்மென்ட் என்ற ஒன்று வரவே இல்லை. மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, தங்கள் வீட்டு வேலையைச் சம்பளமில்லாமல் செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். இயந்திரங்கள் வராமல் இல்லை. 2011-இல் அரசே மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று வீட்டுக்கு வீடு கொடுக்க ஆரம்பித்தது, நல்ல காரியம். ஆட்டுக்கல்லில் குனிந்து மாவாட்டிய முதுகுகளுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் மிச்சமான நேரத்தை வீடே எடுத்துக்கொண்டது. இப்போது பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றுவதும் இறக்குவதும் அம்மா பொறுப்பு.

அம்மா தனக்கென்று வெளியே போக ஆரம்பித்தது 2021 மே மாதத்துக்குப் பிறகு, சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று ஆன பிறகு. வேலைக்குப் போகும் பெண்களுக்கு உதவும் என்று எல்லோரும் சொன்னார்கள், உதவவும் செய்தது. ஆனால் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வரவும் அது வழி செய்தது, அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. "ஏங்க, மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மாடி வீட்டு அத்தையையும் இன்னும் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு அம்மா கிளம்பிவிடுவார். திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில், அங்கிருந்து பெசன்ட் நகர் கடற்கரை. பொட்டலத்தில் மாங்காய் போட்ட சுண்டல், மருமகள்கள் கதை, முட்டி வலிக் கதை. கால்களை அலையில் நனைப்பதற்குள் நான்கு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு போடும் கூச்சல் இருக்கிறதே, அப்படி ஒரு சத்தத்தை எங்கள் வீட்டுக்குள் அம்மாவிடமிருந்து நான் கேட்டதே இல்லை. முன்பெல்லாம் "சும்மா போய்ட்டு வர்றதுக்கு எதுக்கு காசு" என்று தன்னைத் தானே தடுத்துக்கொண்டவர்.

அப்பா மாதிரி ஆண்களுக்கு, சென்னையில் அறுபது வயதுக்கு மேல் என்றால் மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. போக ஒன்று, வர ஒன்று என்றால் மாதத்தில் ஐந்து தடவை வெளியே போகலாம். இந்த எண்ணிக்கையை அரசு எந்தத் தயக்கமும் இல்லாமல் கூட்டலாம்.

ஆக, என் பதில் இதுதான். போனும் ஏஐயும் முதியவர்களின் பகல் முழுவதையும் எடுத்துக்கொள்ளத் தயாராக நிற்கின்றன, அவற்றுக்கு யாரும் சிபாரிசு செய்யத் தேவையில்லை. அதற்கு எதிரே நிற்க வேண்டியவை பஸ், நூலகம், பூங்கா. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் மாதிரி குளுகுளுவென்று, காசு கேட்காமல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரவிடும் இடங்கள் ஒவ்வொரு தாலுகாவிலும் சின்ன அளவிலாவது வர வேண்டும்.

பூங்கா விஷயத்தில் அவ்வளவு பணம்கூடத் தேவையில்லை. எங்கள் பகுதிப் பூங்காவைக் காலை பத்து மணிக்குப் பூட்டினால் சாயந்திரம் நாலு மணிக்குத்தான் திறக்கிறார்கள், வயதானவர்களுக்குப் பொழுதே நகராத நேரம் அதுதான். உள்ளே இருக்கும் பெஞ்சுகளில் பாதிக்கு முதுகு சாய்க்க இடமில்லை, கழிப்பறைக்குப் பூட்டு. கழிப்பறை இல்லாத இடத்தில் சர்க்கரை வியாதிக்காரர் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? கவுன்சிலரிடம் மனு கொடுக்க வாக்கிங் கோஷ்டியில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். முதல் கையெழுத்து மாடி வீட்டு அத்தையுடையது.