கேரவன் பயணத்தில் உடல் உழைப்பைக் குறைப்பது எப்படி? – கேள்வி பதில்

பிரிட்டனில் காருக்குப் பின்னால் கேரவனை (சக்கரங்கள் பொருத்திய தங்கும் வண்டியை) இழுத்துச் சென்று விடுமுறையைக் கழிக்கும் நம்மவர்களில் பலர் அறுபது வயதைக் கடந்துவிட்டனர். வண்டி ஓட்டுவதைவிட, போய்ச் சேர்ந்தபின் தள்ளுவதும் தூக்குவதும் குனிவதுமே தங்களைக் களைப்படையச் செய்கின்றன என்று எழுதிய அன்பர்களுக்கு, பதினெட்டு ஆண்டுகள் இதில் பழகியவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டு முற்றம் சரிவானது. கேரவனைத் தள்ளி நிறுத்தும்போதெல்லாம் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மோட்டார் மூவர் (கேரவனை நகர்த்தும் மின்கருவி) அவசியமா?

பதில்: அவசியம். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியைச் சரிவில் கையால் தள்ளுவது வலியை மட்டுமல்ல, விபத்தையும் வரவழைக்கும். மூவரின் உருளைகள் டயர்களை அழுத்திப் பிடித்து, கேரவனிலுள்ள 12 வோல்ட் பேட்டரியின் மின்சாரத்தால் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. தாங்கள் ரிமோட்டை வைத்துக்கொண்டு சற்று விலகி நின்றாலே போதும். உருளைகள் டயரில் பதிந்த பின்னரே ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்த வேண்டும். வேலை முடிந்ததும் முதலில் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் உருளைகளை விலக்க வேண்டும். சரிவான முற்றத்தில் இந்த வரிசையை ஒருமுறைகூடத் தவறவிடாதீர்கள். மூவரின் எடை ஏறத்தாழ 30 கிலோ. கேரவனில் ஏற்ற அனுமதிக்கப்பட்ட சரக்கின் அளவு அந்த அளவுக்குக் குறையும்.

பலரும் கவனிக்காத நன்மை ஒன்றும் உண்டு. காரைப் பின்னோக்கி எடுத்துக் கொக்கியைப் பொருத்தப் பத்து முறை இறங்கி ஏறுவதற்குப் பதிலாக, நிற்கும் காரை நோக்கிக் கேரவனையே அங்குலம் அங்குலமாகக் கொண்டுவந்துவிடலாம்.

கேள்வி: தண்ணீர் கொண்டுவருவதுதான் எனக்குப் பெரும்பாடு. மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு வழியுண்டா?

பதில்: உண்டு, அம்மா. உருட்டிச் செல்லும் 40 லிட்டர் நீர் உருளை நிறைந்தால் 40 கிலோவுக்கு மேல் இருக்கும். சமதரையில் அது எளிதாக உருளும். புல்மேட்டில் தோளையே இழுத்துவிடும். ஆகவே பாதியளவு நிரப்பி, இருமுறை சென்று வாருங்கள். அதைவிடச் சிறந்தது, தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வடிகாலும் உள்ள தரிப்பிடத்தைப் பதிவு செய்வது. அங்கே மிதவை வால்வு பொருத்திய குழாயை நீர் உருளையில் இணைத்துவிட்டால், மட்டம் குறையும்போது தானாகவே நிரம்பிக்கொள்ளும். கட்டணம் சற்றுக் கூடுதல்தான். ஆனால் மூட்டுவலியோடு பயணிக்கும் ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள செலவை நான் அறியேன். கழிப்பறைக் கேசட்டை (கழிவு சேரும் பெட்டியை) நிறையும்வரை விட்டுவைக்காமல் நாள்தோறும் காலியாக்குங்கள். சக்கரமும் இழுகைப்பிடியும் உள்ள கேசட்டானால் தூக்கவே வேண்டியதில்லை.

கேள்வி: நான்கு மூலைத் தாங்குகால்களையும் முழங்காலிட்டுச் சுழற்றுவது கடினமாக இருக்கிறது.

பதில்: கம்பியில்லா டிரில்லில் 19 மில்லிமீட்டர் சாக்கெட்டை நீண்ட தண்டோடு பொருத்திக்கொண்டால் மண்டியிடாமலே இறக்கலாம். டிரில்லின் விசையைக் குறைவாக வையுங்கள்; கால் தரையில் உறுதியாகப் பதிந்ததும் நிறுத்திவிடுங்கள். அவை வண்டியை அசையாமல் நிறுத்துவதற்கானவை, தூக்குவதற்கானவை அல்ல. இடவலச் சமநிலையைச் சக்கரத்தின் அடியில் வைக்கும் சாய்பலகையாலும், முன்பின் சமநிலையை ஜாக்கி வீலாலும் (கேரவனின் முன்புறமுள்ள, உயர்த்தித் தாழ்த்தக்கூடிய சிறு சக்கரத்தாலும்) சரிசெய்த பின்னரே தாங்குகால்களை இறக்க வேண்டும்.

கேள்வி: எரிவாயு உருளையை மாற்றுவதற்கு?

பதில்: 13 கிலோ புரொப்பேன் உருளை, இரும்பின் எடையும் சேர்ந்து ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். 6 கிலோ உருளைக்கு மாறுங்கள். மின்னிணைப்புள்ள தரிப்பிடத்தில் தண்ணீரைச் சூடாக்கவும் அறையை வெதுவெதுப்பாக்கவும் மின்சாரத்தையே பயன்படுத்தினால் எரிவாயு நீண்ட நாள் வரும்.

கேள்வி: கணவருக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை நடந்துள்ளது. கேரவனை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறோம்.

பதில்: அவசரப்பட வேண்டாம், தங்கச்சி. அவர் எப்போது வண்டி ஓட்டலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். நீங்களே ஓட்டுவதானாலும் தடையில்லை: 1997 ஜனவரி 1-க்குப் பின் கார் உரிமம் பெற்றவர்களும் 2021 டிசம்பர் 16 முதல் தனித் தேர்வின்றி 3,500 கிலோ வரையிலான இழுவண்டியை இழுக்கலாம். ஒரே வாரத்தில் மூன்று தளங்களுக்கு அலைவதை விட்டு, ஒரே தளத்தில் ஏழு இரவுகள் தங்குங்கள். இணைப்பதும் பிரிப்பதும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். கேரவனோடு இணைக்கும் முன்கூடாரம் பெரிதாக வேண்டாம். காற்றடைத்த தூண்களைக் கொண்ட சிறியதொன்றையும் மின்பம்பையும் வைத்துக்கொண்டால், அவரை நாற்காலியில் அமர வைத்துவிட்டுத் தாங்கள் ஒருவரே எழுப்பிவிடலாம். கூடாரத் துணியைக் கேரவனின் பக்கவாட்டிலுள்ள காடியில் நுழைக்கும்போது மட்டும் அக்கம்பக்கத்தாரில் ஒருவரைக் கூப்பிடுங்கள், முகாம்களில் யாரும் மறுத்து நான் கண்டதில்லை.